படங்கள் இருக்கும் இடம்

எனக்குக் கால்பந்து பிடிக்காது என்று எழுதிவிடாதீர்கள், ஐயா. நானும் பார்ப்பேன். ஆனால் அலுவலக மடிக்கணினியில் ஆட்ட வீடியோக்களை இறக்கி நிரப்ப மாட்டேன். ஃபைசன் நிரப்புவான்.

எங்களுடையது சின்ன நிவாரண அலுவலகம். வெள்ளம் வந்தால் படகில் போவது அவன் வேலை. வழிகாட்டும் வரைபடத்தைத் தயார் செய்வது என் வேலை. ஷிரே ஆற்றுச் சதுப்புக்குள் இணையம் கிடையாது, கைபேசியில் பேச்சு மட்டும் விட்டுவிட்டுக் கேட்கும். அதனால் முந்தைய நாளே வரைபட மென்பொருளைத் திறந்து, ஒவ்வொரு கிளையாற்றையும் ஒவ்வொரு மேட்டையும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து வைக்க வேண்டும். பார்த்த இடத்தின் படம் கணினிக்குள்ளே ஒரு மறைவான ஃபோல்டரில் போய்த் தங்கும். மறுநாள் இணையம் இல்லாவிட்டாலும் திரையில் வரும். எங்கள் இணைய வேகத்தில் அதை முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். மதியத்து ன்சிமாக் களி மேசையிலேயே காய்ந்து கிடக்கும்.

அந்த ஃபோல்டரைத்தான் அவன் அழிப்பான். ஆட்டத்துக்கு இடம் போதவில்லையாம்.

"லஸாரோ அண்ணே, பாத்தா குப்பை மாதிரி இருந்துச்சு, அள்ளிப் போட்டுட்டேன். இதுக்குப் போய் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிறீங்களே!"

"அது எங்க இருக்கு, எதுக்கு இருக்குன்னு எத்தனை தடவடா சொல்றது?"

"மொத்த ஆறும் உங்க மண்டைக்குள்ளயே இருக்குதே. தனியா ஃபோல்டர் எதுக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

இந்த மார்ச் வெள்ளத்தில் ம்வாலா கிராமத்தார் கரையான் புற்று மேட்டில் ஏறி நின்றார்கள். ஃபைசன் படகெடுத்துப் போனான். கொஞ்ச நேரத்தில் என் கைபேசி அடித்தது.

"அண்ணே, படமே வரல. வெறும் சாம்பல் கட்டமா நிக்குது. ஆறு ரெண்டா பிரியுது, எந்தப் பக்கம் திருப்ப?"

"படமெல்லாம் எந்த ஃபோல்டர்ல இருக்கும்? முதல்ல அதச் சொல்லு."

"ஐயோ அண்ணே, ஆளுங்க கத்துறது கேக்குது. நாணல்ல திசை தெரியல. இடதா, வலதா?"

"சொல்லிக் கொடுத்தேன்ல? நிதானமா யோசி."

நான் கோபப்படவில்லை, ஐயா. குரலைக்கூட உயர்த்தவில்லை. அவன் அழுதுகொண்டே ஏதேதோ ஃபோல்டர் பெயர்களைச் சொன்னான். எல்லாம் தப்பு. பிறகு இணைப்பு அறுந்தது. அவன் வலது பக்கம் போயிருக்கிறான். மேடு இடது பக்கம். அங்கே நின்றவர்களில் ஒருவரும் மிஞ்சவில்லை.

நீங்கள் அவனைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். தான் அழிக்கவில்லை என்று அவன் சொல்வதை யாரும் நம்பவில்லை. அவன் சொல்வது உண்மை. அன்று காலை நான் திறந்து பார்த்தபோது படங்கள் அப்படியே இருந்தன. முதல் முறையாக, தன் ஆட்டங்களை அழித்து எனக்கு இடம் விட்டிருந்தான். ஒரு நாள் ஒழுங்காக இருந்தால் போதுமா? பட்டால்தானே புத்தி வரும். படகில் மடிக்கணினியை ஏற்றுவதற்கு முன் நான்தான் அழித்தேன்.

பாடம் வீண்போகவில்லை, ஐயா. இப்போது எங்கள் அலுவலகத்தில் அந்தப் படங்கள் எங்கே இருக்கும் என்று தெரியாதவர் ஒருவர்கூட இல்லை.