பத்து சொன்னா எழுந்துப்பான்

...ஆயிரம் பேரு வந்தாங்கன்னு ஒங்களுக்கு யாரு சொன்னது? பொய்யி சார். நான் எண்ணிக்கினேன். ரெண்டு வருஷம் முன்னாடி, அன்னிக்கு மேடை மேல சண்டைக்காரங்க ரெண்டு பேரு, ரெஃப்ரி ஒருத்தரு. கீழ ஜட்ஜுங்க மூணு பேரு, டாக்டரம்மா ஒருத்தங்க. தண்ணியும் துண்டும் வெச்சிக்கினு ரெண்டு மூலையிலயும் சேத்து நாலு பேரு. மணி அடிக்க நானு. ஆச்சா, பன்னெண்டு. பாக்க வந்தவங்க, மைக்கு செட்டுக்காரனையும் சேத்து, முந்நூத்திப் பன்னெண்டு. ஆகமொத்தம் முந்நூத்தி இருவத்தி நாலு. மேடைக்கு அடியில ஒரு நாயி தூங்கிக்கினு இருந்துச்சி. அத சேக்கல.

இதே கல்யாண மண்டபந்தான். கள்ளக்குறிச்சியில குத்துச்சண்டைக்குன்னு தனியா எடம் ஏது... முகூர்த்தம் இல்லாத நாளாப் பாத்துப் புடிக்கிறாங்க. அன்னிக்கு அதோ, அந்த மேசையில குந்திக்கினு இருந்தேன். இன்னிக்கு மூணாவது வரிசை, ஏழாவது நாற்காலி. இதுக்கு ஒரு காலு குட்டை, பாத்தீங்களா, ஆடுது. மணி அடிக்கிறது இப்ப ஜெயசுதான்னு ஒரு பி.டி. டீச்சரு. நல்ல பொண்ணுதான்... ஆனா மொத ரவுண்டுல ரெண்டு செகண்டு கம்மியா அடிச்சிடுச்சி. யாரு கேக்கறாங்க.

நீங்க எந்த ஊரு, சங்கராபுரமா? சரி சரி. இப்ப மேடையில அந்த நீல பனியன் இளஞ்செழியன், தியாகதுருகம். செவப்பு பனியன் எங்க வீரமணி, கச்சிராயபாளையம். நானும் அவனும் ஒரே மண்டி சார். மலையிலேந்து சாமை, தினை வருதில்ல, நான் மரக்கால் புடிச்சி அளந்து சாக்குல போடுவேன். அவன் மூட்டை தூக்குவான். முப்பத்தொரு வயசு. நாப்பத்தி மூணு சண்டை போட்டான். ஜெயிச்சது இருவத்தி ஆறு, தோத்தது பதினேழு. ஆனா ஒரு தரம் கூட முட்டி தரையில பட்டதில்ல. அடிக்கிறவன் கை வலிச்சி நின்னுடுவான்.

நாப்பத்தி நாலாவதுதான் அன்னிக்கு. வெள்ளிமலையிலேந்து அஜய்ன்னு ஒருத்தன் வந்தான். ரெண்டாவது ரவுண்டு, ஒரு நிமிஷம் நாப்பது செகண்டு. எடது கை. தாடையில வுழுந்துச்சி பாருங்க, தேங்கா ஒடைக்கிற சத்தம். வீரமணி அப்படியே மல்லாக்க. முந்நூத்திப் பன்னெண்டு பேரும் எழுந்து நின்னுட்டாங்க. எண்ணறதுக்கு வசதியா போச்சி.

அதோட போச்சி சார் எல்லாம். ஸ்கேன் எடுத்தாங்க, தலை நல்லா இருக்குன்னுதான் சொன்னாங்க. அவன் மனசு ஒத்துக்கல. ‘மாமா, என் தாடை செத்துப் போச்சி. பத்து எண்ணி முடிக்கிற வரைக்கும் நான் இந்த ஒலகத்துலயே இல்ல’ன்றான். இந்த ரெண்டு வருஷத்துல ஆறு சண்டை. நாலுல வுழுந்தான். அடி பட்டு வுழல சார், அடி வருதுன்னு வுழறான். ஒரு தரம் தோளுல பட்டதுக்கு வுழுந்தான். முன்னாடி இவன் பேரு சொன்னா ஜுரம் வந்தவனுங்கல்லாம் இப்ப ‘வீரமணியா, போடு போடு’ன்னு வரிசையில நிக்கிறானுங்க. ஊர்ல பேரே ‘மூட்டை’. வீரமணி வூடு எங்கன்னா முழிப்பாங்க. மூட்டை வூடுன்னா கூடவே வந்து காட்டுவாங்க.

ஏன் மூட்டையா... அது வந்து... மைக்கு செட்டுக்காரன் பண்ண வேலை சார் அது. அப்பால சொல்றேன்.

மொத வரிசையில பச்சை பொடவை தெரியுதா? அம்சவள்ளி. அவன் சம்சாரம். இன்னிக்குப் பத்து எண்ணி முடிச்சாங்கன்னா அவ்ளோதான், கிளவுஸ கழட்டி எங்கையில குடுத்துடணும்னு சொல்லிட்டா. அவனும் சரின்னுட்டான். இதத் தவிர அவனுக்கு வேற இன்னா இருக்குது சொல்லுங்க. பகல் பூரா மூட்டை, சாயங்காலம் கிளவுஸு.

ம், ரெண்டாவது ரவுண்டு மணி. பாருங்க, கைய மூஞ்சிக்கு முன்னாடி கதவு மாரி சாத்திக்கினான். முன்னெல்லாம் தொங்கவுட்டுக்கினு ‘அடிடா’ன்னு நிப்பான்.

மைக்கு... ஆங். வுழுந்தா ரெஃப்ரி வெரலக் காட்டி எண்ணணும். பின்வரிசைக்குக் கேக்கலன்னு கத்தறாங்க. மைக்கு செட்டுக்காரன் இன்னா பண்ணான், மைக்க எடுத்து எம்மேசையில வெச்சிட்டான். ‘அய்யனாரு பெரியவரே, நீங்க எண்ணுங்க, நீங்க எண்ணினா தப்பாது’ன்னான். எனக்கு நாலு பேரு முன்னாடி பேசினாலே வாயி ஒலந்துடும். முப்பத்தெட்டு வருஷமா அளந்த வாயி சார். மரக்கால் அளக்கறச்ச ஒண்ணுன்னா ஆரம்பிப்போம்? லாபம்னுதானே ஆரம்பிப்போம். ஒங்க ஊர்லயும் அப்படித்தானே? லாபம், ரெண்டு, மூணு...

அதான் சொன்னேன். மைக்குல. லாபம்னு.

சிரிக்காதீங்க. ரெஃப்ரி கடலூர்க்காரரு, என்னத் திரும்பிப் பாத்தாரு. பாத்துட்டு ஒரு வெரல நீட்டிட்டாரு. அதுவரைக்கும் சரி. எங்க மண்டியில பத்து மரக்கால் ஒரு மூட்டை. நான் லாபம்னா தூக்கறவன் சாஞ்சி படுத்துக்குவான். அதான் அவனுக்கு ஓய்வு. பத்துன்னா எழுந்து முதுகு காட்டுவான். பன்னெண்டு வருஷமா வீரமணிக்கு அதான் பழக்கம். ஒரு நாளைக்கு நாப்பது மூட்டை. ஒரு நாளும் ஒம்போதுல எழுந்ததில்ல.

நான் ரெண்டுன்றப்பவே கண்ணத் தொறந்துட்டான் சார். நான் பாத்தேன். நாலுன்றப்ப கை தோளுக்குப் போச்சி. சும்மாட்டுக்குச் சுருட்டுவானே, அந்தத் துண்டத் தேடறான். ஏழு, எட்டு, ஒம்போது... நிம்மதியா படுத்துக்கினு இருக்கறான். பத்துன்னேன். டக்குன்னு எழுந்து ரெஃப்ரி முன்னாடி போயி குனிஞ்சி முதுகக் காட்டினான். மூட்டைய ஏத்துன்னு. மண்டபமே சிரிச்சிது. மூளை கலங்கிடுச்சின்னு டாக்டரம்மா ஓடி வந்தாங்க. அவனுக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல.

மைக்கு செட்டுக்காரன் மேல தப்பு இருக்குது, நான் இல்லன்னு சொல்லல... கொஞ்சந்தான். மீதி எம்மேலதான். அவன் தாடை சாவல சார், எங்கணக்குதான் அவனப் படுக்க வெச்சிடுச்சி.

சொல்லிடலாம்னு மூணு தரம் அவன் வூட்டுக்குப் போனேன். மொத தரம் அவன் இல்ல. ரெண்டாந்தரம் அம்சவள்ளி மோரு குடுத்தா, குடிச்சிட்டு வந்துட்டேன். மூணாந்தரம் வாசல்ல பதினோரு செருப்பு கெடந்துச்சி. பதினொண்ணு எப்படி வரும்னு யோசிச்சிக்கினே திரும்பிட்டேன். ஒங்ககிட்ட எப்படி வாய் வந்துச்சின்னே தெரியல. தெரியாத ஆளு, அதான்.

மணி அடிச்சிட்டாங்க. ரெண்டு ரவுண்டு ஆச்சி. சார்? எங்க எழுந்துட்டீங்க, டீக்கா? வாசல் இந்தப் பக்கங்க. சார், பைய வெச்சிட்டுப் போறீங்களே... அங்க போவாதீங்க சார். அது செவப்பு மூலை. ஐயோ, போவாதீங்க...

வீரமணி காதுல சொல்றாரே. எம்மாம் நேரம் சொல்றாரு. பத்து செகண்டு, பதினஞ்சு... நான் சொன்னதுல பாதி சொன்னாலே போதுமே. அவன் திரும்பறான். என்னத்தான் பாக்கறான். எங்க ஒளியறது, நாற்காலி வேற ஆடுது.

வாயில வெச்ச ரப்பரு வெளிய தெரியுதே. சிரிக்கறானா அது? ரெண்டு வருஷம் ஆச்சி.

மூணாவது மணி. கைய எறக்கிட்டான். டேய், ரொம்ப எறக்காதடா...

அடிச்சிட்டான் இளஞ்செழியன். அதே எடது கை. அதே தாடை. வுழுந்துட்டான்.

ஜெயசுதா, தாயி, இப்ப மைக்கு ஒங்கிட்டதான், ஒண்ணுன்னே ஆரம்பிம்மா.

ஒண்ணு. ரெண்டு. கண்ணு தொறந்துக்கிச்சி. மூணு. நாலு. கை தோளுக்குப் போவுது... துண்டத் தேடாதடா, துண்டு இல்லடா அங்க. அஞ்சு. கை எறங்கிடுச்சி, தரையில ஊனறான். ஆறு. ஒரு முட்டி.

ஏழு. நின்னுட்டான்.

ரெஃப்ரி எட்டும் சொல்லிட்டுத்தான் வுடுவாரு, அது சட்டம். நம்ம கணக்கு ஏழுதான். பத்துல ஏழு போச்சா, மீதி மூணு.