காளைக்குக் கீழே ஒரு கோடு

மேடையில் எனக்குத் துணையாக அமர்ந்திருக்கும் ஒரே ஒருவரான சங்கத் தலைவர், பல் மருத்துவர் அவர்களே, முன் வரிசையில் இருக்கும் அண்ணி அவர்களே, கீழே அச்சு இயந்திரம் போடும் இரைச்சலையும் பொறுத்துக்கொண்டு இந்த மாடி அறைக்கு வந்திருக்கும் நண்பர்களே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

இருபத்தைந்து நாற்காலி போட்டோம். பதினோரு பேர் வந்திருக்கிறோம். பழங்காசு சேகரிப்போர் சங்கத்தில் இன்று மிச்சம் இருப்பது இவ்வளவுதான். நான் செயலாளர். கடிகாரம் பழுது பார்ப்பவன், பேசிப் பழகியவன் இல்லை. அதோடு, இன்று புகழ்ந்துவிட்டு மட்டும் இறங்கிப்போக எனக்கு வழியில்லை. ஒரு தப்பையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

நம்மை விட்டுப் போனவர் நில அளவைத் துறையில் முப்பத்து நான்கு ஆண்டு வேலை பார்த்தவர். நமக்கு அவர் கௌரவ நூலகர். கூப்பிடுவது என்னவோ 'பக்கம் ஐயா' என்றுதான். ஒரு புது உறுப்பினர் காசைக் கொண்டுவந்து, "ஐயா, இந்தப் பக்கம் தலை இருக்கு, அந்தப் பக்கம் குதிரை இருக்கு" என்பார். "அது இருக்கட்டும்பா, எந்தப் பக்கம்?" என்பார் ஐயா. வந்தவர் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்து முழிப்பார். ஐயா கேட்டது புத்தகத்தின் பக்கத்தை. புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தெரியாத காசை அவர் கையில் வாங்கவே மாட்டார்.

புத்தகம் தேர்ந்தெடுக்க அவரைப்போல யாருக்குத் தெரியும்? நம் தலைவர் முதன்முதலில் வாங்கியது தலையணை அளவு விலைப் பட்டியல். அதை ஐயாவிடம் பெருமையாகக் காட்டினார். "டாக்டர், இது காசு என்ன விலைன்னு சொல்லும். காசு என்னன்னு சொல்லாது" என்றார் ஐயா. தலைவர் அன்றைக்குக் கோபித்துக்கொண்டது எனக்கு ஞாபகம் இருக்கிறது. புத்தகக் கடைக்குப் போகும்போது நன்றாகத் தெரிந்த ஒரு காசைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகச் சொல்வார். அதை அந்தப் புத்தகத்தில் தேடிப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் அகப்படாவிட்டால், எத்தனை பெரிய பேராசிரியர் எழுதியிருந்தாலும் திரும்ப அலமாரியில் வைத்துவிட வேண்டும். எழுதியவர் காசைக் கண்ணால் பார்த்தாரா, பழைய புத்தகத்தைப் பார்த்து எழுதினாரா என்பதைப் பத்துப் பக்கம் படித்ததுமே ஐயா சொல்லிவிடுவார். "இவர் தப்பைக்கூடச் சொந்தமாப் பண்ணல" என்று ஒரு ஆசிரியரைப் பற்றிச் சொன்னார். இத்தனை ஆண்டில் அவர் சொன்னதிலேயே கடுமையான சொல் அதுதான்.

தேடுவதிலும் அப்படித்தான். ஓய்வு பெற்ற பேராசிரியர்களின் வீட்டுக்குப் போய் வாசலில் நின்றவர் யார்? பழைய புத்தகக் கடைக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் தேவைப் பட்டியலைக் கையால் எழுதிக் கொடுத்தவர் யார்? அந்த அலமாரியில் இருக்கும் இருநூற்றுப் பதினான்கு நூல்களும் அவர் கால் தேய நடந்து கொண்டுவந்தவை.

அப்படித் தேடியும் அவருக்கு ஒன்று மட்டும் கிடைக்கவில்லை. அதைத்தான் நான் சொல்ல வந்தேன்.

இருபத்து மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, காலமான பேராசிரியர் ஒருவர் வீட்டிலிருந்து நமக்கு ஒரு கட்டுப் புத்தகம் வந்தது. அதில் ஒரு நூல் இரண்டு தொகுதி. ஒன்றில் விளக்கம், இன்னொன்றில் படம். நம் பகுதித் தாமிரக் காசுகளைப் பற்றி வேறு யாரும் அவ்வளவு விரிவாக எழுதியதில்லை. எல்லாம் தையல் விட்டுக் கிடந்தன. பைண்டரிடம் கொண்டுபோனவன் நான். திரும்பி வந்தபோது விளக்கத் தொகுதி இருந்தது, படத் தொகுதி இல்லை. "படத் தொகுதி எங்கப்பா?" என்று ஐயா கேட்டார். நான் எதையும் சரிபார்க்கவில்லை. பைண்டரிடம் போய்க் கேட்கவும் இல்லை. "கட்டு வரும்போதே இல்லைங்க ஐயா" என்று சொல்லிவிட்டேன். அவர் நம்பினார். நான் சொன்னால் நம்புவார்.

அடுத்த ஆண்டு அவருடைய மாமனார், நம் அண்ணியின் அப்பா, வந்தார். கொத்தனார். அஸ்திவாரம் தோண்டும்போது கிடைத்தது என்று ஒரு செப்புக்காசைத் துணியில் முடிந்து, மாப்பிள்ளைக்குப் பிடிக்குமே என்று எடுத்து வந்திருந்தார். ஒரு பக்கம் காளை நிற்கிறது, மேலே பிறை. ஐயா விளக்கத் தொகுதியைத் திறந்தார். 'நிற்கும் காளை, மேலே பிறை, கீழே ஒரு கோடு' என்று இருந்தது. காசில் காளைக்குக் கீழே இருந்ததோ நெளிநெளியாகப் பாம்பு போவதைப்போல ஒன்று. ஒப்பிட்டுப் பார்க்கப் படம் இல்லை. மூன்று நாள் பார்த்தார். போலி என்று முடிவு கட்டினார்.

சமையலறையில் அண்ணியிடம் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார்: "உங்கப்பா எங்கேயோ கடையில வாங்கிட்டு வந்து, தோண்டி எடுத்தேன்னு கதை விடுறாரு." கூடத்தில் இருந்த பெரியவர் காதில் அது விழுந்தது. சாப்பிடாமல் கிளம்பிப் போனவர் அந்த வீட்டு வாசலை மறுபடி மிதிக்கவில்லை. ஒன்பது ஆண்டு கழித்து அவர் இறந்தபோது ஐயா போய் நின்றார். மச்சான்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"செல்லாக்காசுக்கும் ஒரு வேலை வேணுமில்ல" என்று சொல்லி, அந்தக் காசில் துளை போட்டு நம் அலமாரிச் சாவியில் கோத்தவரும் அவர்தான். வாரா வாரம் அதைப் பிடித்துத்தான் அலமாரியைத் திறந்தோம். காசைக் கண்டால் விடாத கூட்டம் நாம். ஒருவராவது அதைத் திருப்பிப் பார்த்தோமா? புத்தகத்தில் இல்லை என்று ஐயா சொன்ன பிறகு நாம் ஏன் பார்க்கப் போகிறோம்?

மாத முடிவில் இந்த அறையைக் காலி செய்ய வேண்டும். அதற்காகப் போன வாரம், ஐயா போய் ஐந்தாம் நாள், அலமாரியை ஒழித்தேன். மேல் தட்டில் 'தபால்தலை ஏலப் பட்டியல்கள்' என்று முதுகில் அச்சிட்ட ஒரு தடித்த புத்தகம். அதே பேராசிரியர் வீட்டுக் கட்டோடு வந்தது. தபால்தலை என்றால் நமக்கு இளக்காரம். "காகிதம் பொறுக்குறவங்க" என்று ஐயாவே கேலி செய்வார். இருபத்து மூன்று ஆண்டாக யாரும் அதைத் தொட்டதில்லை. வேண்டாததில் போடுவதற்கு முன்பு பிரித்தேன். இரண்டு பட்டியல் முடிந்ததும் படம், படம், படம். ஒரே அளவாக இருந்ததால் பைண்டர் சேர்த்துத் தைத்திருக்கிறார். நாற்பத்தெட்டுத் தகடும், அதாவது படப் பக்கமும், குறையாமல் இருந்தன. முப்பத்தொன்றாம் தகட்டில் ஏழாவது காசு. சாவியை எடுத்து, கடையில் போடும் லென்ஸைக் கண்ணில் மாட்டிக்கொண்டு பார்த்தேன். அதே காளை. அதே பிறை. கீழே அதே நெளிவு. எழுதியவர் அந்த நெளிவைக் 'கோடு' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

ஐயா தேடாத இடம் இல்லை. கடைசியாக எழுதிய தேவைப் பட்டியலில்கூட அந்தப் படத் தொகுதிதான் முதல் வரி. அவர் தலைக்கு மேல் இரண்டடி உயரத்தில் அது இருந்தது. நான் ஒரே ஒரு தரம் பைண்டர் கடைக்கு நடந்திருந்தால் போதும். இருபது நிமிட நடை.

இந்த இடத்தில் உறுதிமொழி எடுப்பது வழக்கம். இதே அறையில் மறைந்த மூன்று பேருக்காக நானே எடுத்திருக்கிறேன். எதை நிறைவேற்றினேன்? இந்த நூல்களுக்காக இரண்டு நூலகங்களைக் கேட்டேன். ஒன்று இடமில்லை என்றது, இன்னொன்று பதிலே போடவில்லை. காசைப் படம் எடுத்தால் இப்போது கைப்பேசியே சொல்லிவிடுகிறது. நம் பொருளாளர் காட்டிய காசைச் சட்டைப் பொத்தான் என்றது. இருந்தாலும் அவர் அதைத்தான் கேட்கிறார், ஐயாவைக் கேட்பதை நிறுத்தி இரண்டு வருடம் ஆகிறது. அவருடைய பணியைத் தொடர்வோம் என்று நான் சொன்னால் அது பொய். அவர் முன்னால் ஒரு பொய் சொன்னது போதும்.

நேற்று அண்ணி வீட்டுக்குப் போனேன். தகட்டையும் காசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். காசைக் கையில் எடுத்துப் பார்த்தார். "சாகுற வரைக்கும் அப்பா என்கிட்ட இதையேதான் சொன்னாரு தம்பி. நான் சத்தியமாத் தோண்டித்தாம்மா எடுத்தேன்னு. நான் இவர் பக்கம் நின்னேன்" என்றார். அப்புறம், "இப்ப நான் யார்கிட்டப் போய்ச் சொல்றது?" என்று கேட்டார்.

அண்ணி, இதைக் கேட்க வேண்டிய இரண்டு பேரும் போய்விட்டார்கள். அதனால், வந்திருக்கும் இந்தக் கொஞ்சப் பேரிடமாவது சொல்லிவிடலாம் என்றுதான் எழுந்தேன். உங்கள் அப்பா பொய் சொல்லவில்லை. அந்தக் காசை அவர் தோண்டித்தான் எடுத்தார்.