ஏரித் தண்ணியில பாரபென்

நான் அன்னிக்கே சொன்னேன் சார், மெஷின்லதான் கோளாறுன்னு! யாராவது காதுல வாங்குனாங்களா? இருபத்திரண்டு வருஷமா இந்த லேப்ல தண்ணி சோதிக்கிறேன், என் மேல ஒரு குத்தம் உண்டா?... நீங்க பாட்டுக்குக் கழட்டுங்க சார். மெக்கானிக் வேலை பாக்குறப்ப நான் வாயே திறக்க மாட்டேன்.

விஷயம் என்னன்னா, பாரபென்னு ஒரு கெமிக்கல். ஷாம்பு கிம்பு கெட்டுப்போகாம இருக்கப் போடுறது. ஏரியில கலந்துச்சுன்னா மீனோட ஹார்மோனையே குழப்பி விட்டுரும். ஆம்பளை மீனுக்குத் தான் ஆம்பளைங்கறதே மறந்துபோயிரும்னு வைங்களேன்! துளியூண்டு இருந்தாப் போதும்... இல்ல, துளின்னாலே அதிகம், அதுல கோடியில ஒரு பங்கு. அதையும் கண்டுபிடிச்சேன்ல! உடனே ஏரிய மூடிட்டாங்க. அங்க படகு விடுறது யாருங்கறீங்க? என் கொழுந்தனார்! ஓரகத்தி என்னைப் பாத்தாலே கதவைச் சாத்துறா சார்.

அப்புறம் எனக்கே ஒரு சந்தேகம். வெறும் சுத்தத் தண்ணிய வச்சுப் பாத்தேன். அதுலயும் பாரபென்! அப்ப மெஷின்தானே பொய் சொல்லுது?

என்னது... நீங்க கொண்டுவந்த தண்ணியில ஒண்ணுமே காட்டலியா? மறுபடி போடுங்க... மறுபடியும் பூஜ்யமா!

அப்ப பக்கத்து ரூம் கிளார்க்தான். அந்தாளு போட்டுட்டு வர்ற சென்ட்டு இருக்கே... கையுறையா? போடுவேனே! மூடி திறக்கறப்ப மட்டும் கழட்டிருவேன், வழுக்குது சார். என் கையில என்ன இருக்கு, மோந்துதான் பாருங்களேன். ரோஜா வாசனை! பாட்டில் கழுவிக் கழுவித் தோலு உரியுதேன்னு கிரீம் தடவுவேன், காலையில ஒருவாட்டி, சாப்பிட்டதும் ஒருவாட்டி... டப்பாவா? இந்தாங்க. எறும்பு சைஸ்ல எழுத்து, நீங்களே வாசிங்க.

...என்ன பேரு சொன்னீங்க? இன்னொருவாட்டி சொல்லுங்க.

ஐயையோ!

சார்... சார், மெஷின்ல ஏதோ திருகு லூஸா இருந்துச்சுன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துருங்களேன்... பெட்டிய ஏன் மூடுறீங்க? சார்!

போயிட்டாரு மனுஷன்.

சரி, போனைப் போட வேண்டியதுதான்... ஹலோ, மேடம்? ஆமா மேடம், மெக்கானிக் வந்துட்டுப் போயிட்டாரு. மெஷின் நல்லாத்தான் இருக்கு. தண்ணிதான் மறுபடி எடுக்கணும்... ஏன்னா, போன வாரம் நான் அளந்தது ஏரிய இல்ல மேடம். என் கைய.