பாதியாய் அல்ல, பாதியால்

பிழை பொறாத பெருந்தகையே! சொல்லின் சுவை தெரிந்த சுடர்மதியே! ஆசிரியர் அறையின் சன்னலோர நாற்காலிக்கு இத்தனை ஆண்டும் பெருமை சேர்த்த எங்கள் ஆங்கில ஆசிரியை அம்மையே! மாணவர்கள் தங்களைப் ‘பை டீச்சர்’ என்பது தோளில் தொங்கும் பையைப் பார்த்து அல்ல. ‘பை’ என்னும் குட்டி ஆங்கிலச் சொல்லுக்காகத் தாங்கள் போட்ட சண்டையைப் பார்த்து என்பதை இந்த அவை அறியட்டும்.

பணி ஓய்வு பெறும் தங்களை வழியனுப்பும் நாளில் கசப்பு வேண்டாம் என்று நிர்வாகம் சொல்லி அனுப்பியது. நாங்களும் இனிப்பாக எழுதத்தான் உட்கார்ந்தோம். வயிறு எரிகிறபோது இனிப்பு எங்கிருந்து வரும்?

கணக்குத் தேர்வில், இருபதை ‘டிவைட் பை ஹாஃப்’ செய்க என்று அச்சடித்தார்கள். விடைக்குறிப்பு பத்து என்றது. ஒரே ஒரு சிறுமி நாற்பது என்று எழுதினாள். அந்த மதிப்பெண் போனதால் தோற்றாள். ‘டிவைட்’ என்னும் வினை பங்கிடவும் சொல்லும், வகுக்கவும் சொல்லும். ‘இன் ஹாஃப்’ என்றால் பாதியாய்ப் பிரி. ‘பை ஹாஃப்’ என்றால் பாதியால் வகு. தமிழில் பாதியாய், பாதியால் இரண்டுக்கும் இடையே ஓரெழுத்துத்தான் வேறுபாடு. அந்த ஓரெழுத்தில் பத்து நாற்பதாகிவிடுகிறது.

“இது கணக்கு. இங்கிலீஷ் டீச்சருக்கு இதுல என்ன வேலை?” என்றார் தேர்வுப் பொறுப்பாளர்.

“கணக்குல ஒண்ணும் தப்பில்ல சார். நீங்க எழுதின இங்கிலீஷ்தான் தப்பு” என்றீர்கள். இருபது வெள்ளைத் தாள்களை அவர் கண்ணெதிரே பாதி பாதியாகக் கிழித்து மேசையில் பரப்பினீர்கள். “இதுல எத்தனை அரை இருக்குன்னு எண்ணிப் பாருங்க.”

அவர் எண்ணவில்லை. தாளை வீணாக்கியதற்கு விளக்கம் கேட்டு ஓலை அனுப்பினார். தவறு செய்தவர் நாற்காலியில் இருக்க, தட்டிக் கேட்டவர் கைகட்டிப் பதில் சொல்ல வேண்டுமாம்! இந்த அநியாயத்தை எந்தச் செந்தமிழில் எழுதினாலும் அநியாயம்தான்.

வருகிற வாரம் மறுதேர்வு. அதே வினா, அதே விடைக்குறிப்பு. வீம்பு என்பது இதுதான். “பேசாம பத்துன்னே எழுதிடவா டீச்சர்? பாஸானா போதும்னு அம்மா அழறாங்க” என்று நேற்று அந்தச் சிறுமி தங்கள் முன் வந்து நின்றாள். “உனக்குச் சரின்னு தெரிஞ்சதை எழுதும்மா” என்று சொல்லி அனுப்பிவிட்டு, வெகுநேரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். மறுதேர்வைத் திருத்தத் தங்கள் கையில் சிவப்புப் பேனா இருக்காது என்பது அவளுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும்.

சலியாத சான்றாண்மையே! நோய்நொடி அண்டாமல், கண் மங்காமல், நாவின் காரம் குறையாமல் நெடுங்காலம் வாழ்க! மறுதேர்வுத் தாள்களைத் திருத்தப்போகிறவர்கள் கீழே கையொப்பமிட்டிருக்கும் நாங்களே. நாற்பதுக்கு முழு மதிப்பெண் போடுவோம். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தேர்வுப் பொறுப்பாளர், இனி ஓலையை எங்கள் அத்தனை பேருக்கும் அனுப்பட்டும்.

இங்ஙனம்,
ஆசிரியர் அறையில் ஒருவர் விடாமல் அனைவரும்