சுவரைப் பார்த்து நிறுத்திய வண்டி

இந்த நாற்காலி ஆடுது சார். ஒரு கால் குட்டை. அட்டையை மடிச்சு அண்டக் குடுத்தா சரியாப் பூடும். தரை சமமா இல்லாத எடத்துல எனக்கு எந்த வேலையும் ஓடாது, பழகிப்போச்சு.

போன வாரம் எஃப்.ஐ.ஆர்ல 'மெக்கானிக் அப்பாவுவின் கவனக்குறைவால்'னு எழுதிட்டு என்னை ஜாமீன்ல வுட்டீங்க. அந்த ஒரு வார்த்தையை மாத்தத்தான் திரும்பி வந்திருக்கேன். வூட்டுல குந்திகினு இருந்தா தூக்கமே வரலை. அவ்ளோ அலுப்பு, ஆனா தூக்கம் இல்லை.

தணிகாசலம் சாரோட பழைய இம்பாலா காரை நாலு வருஷமா நான்தான் பார்க்கறேன். வடக்குப்பட்டு ரோட்டுல என் ஷெட். அவரு ஒரகடத்துல ஒரு கம்பெனியில, மெஷின்ல தகடு அழுத்தற பிரஸ் ஷாப்புக்கு மேனேஜர். என் தம்பி ஐயனார் அவருகிட்டதான் வேலை செஞ்சான். கை உள்ள இருந்தா மெஷினை நிறுத்தற சென்சார் ஒண்ணு உண்டு. சும்மா சும்மா நிக்குது, டார்கெட் வரலைன்னு அதை எடுக்கச் சொன்னவரு இவரு. தம்பிக்கு வலது கையில நாலு விரல் பூடுச்சு. ரிப்போர்ட்ல 'தொழிலாளியின் கவனக்குறைவு'ன்னு கையெழுத்துப் போட்டவரும் இவருதான். அதுக்கப்புறம் எந்தக் கம்பெனி கேட்டுலயும் அவனை உள்ள வுடலை. இப்போ ஸ்பூன்ல சாப்பிடறான். கல்யாண வூட்டுப் பந்தியில குந்த மாட்டேன்றான்.

அடுத்த மாசமே அவரு வண்டிக்கு நான் ஆயில் மாத்துனேன். வெக்கமாத்தான் இருந்துச்சு. இன்னா பண்றது, வயிறுன்னு ஒண்ணு கீதே.

ஆட்டோமேட்டிக் வண்டியில கியர் ஆயில் பார்க்கறது பொறுமையான வேலை சார். கொஞ்ச தூரம் ஓட்டி ஆயிலைச் சூடாக்கணும். சமமான தரையில நிறுத்தணும். எஞ்சின் ஓடிகினே இருக்கணும். பிரேக்கை மிதிச்சிகினு லீவரை ஒவ்வொரு கியருக்கும் கொண்டுபோய், நியூட்ரலுக்கு வந்து, கைபிரேக்கை இழுத்து வெக்கணும். அப்புறம்தான் ஆயில் அளவு காட்டற குச்சியை உருவிப் பார்க்கணும். கொறைஞ்சா கியர் வழுக்கும், அதிகமானா நுரைக்கும்.

ஒருத்தனே செய்யற வேலைதான். ஆனா அவரு யாரையும் நம்ப மாட்டாரு. குச்சியை அவரே உருவி மார்க்கைப் பார்ப்பாரு. பானெட்டையும் அவரேதான் மூடுவாரு, என் கை பட்டா தகடு அமுங்கிடுமாம். அதனால நான் சீட்டுல குந்தியிருப்பேன்.

அன்னிக்கு லெவல் கொஞ்சம் கம்மி. புனல் வெச்சு அரை லிட்டர் ஊத்தினாரு. ஊத்திகினே, "உன் தம்பி நல்ல பையன்தான்யா, கொஞ்சம் கவனம் பத்தாது"ன்னாரு. அதுக்காகச் செய்யலை சார். எப்பவும் ரோட்டைப் பார்த்து நிறுத்தற வண்டியை அன்னிக்கு சுவத்தைப் பார்த்து நிறுத்துனேன். கைபிரேக்கை இழுக்கலை. அப்பவே முடிவாயிடுச்சு.

திரும்ப லெவல் பார்த்து, "கரெக்டா இருக்கு"ன்னாரு. அதுவரைக்கும் காத்துகினு இருந்தேன். வேலையைப் பாதியில வுடறது எனக்குப் புடிக்காது. அவரு முன்னாடி வந்து ரெண்டு கையாலயும் பானெட்டை இறக்குனாரு. மூஞ்சி தெரிஞ்சுது. சிரிச்சாப்பலதான் இருந்தாரு. நான் லீவரை ஒரு எடம் தள்ளி டிரைவுல போட்டு ஆக்சிலேட்டரை மிதிச்சேன். சுவரு ரெண்டடி தூரத்துல இருந்துச்சு.

பிரேக்குக்குப் பதிலா கால் மாறிப் பூடுச்சு, அதுல அவரு செத்துட்டாருன்னு நீங்களே எழுதிட்டீங்க. இருபத்திரெண்டு வருஷமா என் கால் மாறுனதே இல்லை. ஐயனாரும் கவனம் தப்பலை. எங்க ரெண்டு பேர் மேலயும் ஒரே பொய்யை எழுதினா எப்பிடி சார்? தெரிஞ்சேதான் செஞ்சான்னு போடுங்க. கையெழுத்துப் போடறேன்.

தம்பிக்குத்தான் புரியலை. "எனக்காவா செஞ்சே?"ன்னு கேட்டான். ஆமான்னேன். எழுந்து இருங்காட்டுக்கோட்டையில இருக்கற அவன் ரூமுக்குப் பூட்டான்.

விரல் போன அன்னிக்குக் காலையில அவன் வேலைக்குப் போவலைன்னான். "சென்சாரை எடுத்துட்டாங்கண்ணா, பயமாக் கீது"ன்னான். கவனமா இருந்தா ஒண்ணும் ஆவாது, கெளம்புடான்னு பைக்ல இட்டுகினு போய் கேட்டாண்ட இறக்கி வுட்டது நான்தான்.

அதை எழுத வேணாம் சார். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை.