அறுபது நாள் நிற்காத சர்வர்

எங்கள் ஜவ்வாது மலையில் சித்திரை மாதத்திலும் போர்வை இல்லாமல் தூக்கம் வராது, சார். சர்வர் வைக்க இதைவிட நல்ல ஊர் உண்டா? பெங்களூர் வேலையை விட்டு வந்ததும், சாமை மூட்டை கிடந்த அறையைக் காலி செய்து ஒன்றை வைத்தேன். என் மனைவி ஈஸ்வரி அதற்கு மாமியார் என்று பேர் வைத்தாள். குரல் கொடுத்தால் உடனே ஓட வேண்டுமாம்.

விஷயம் எளிது. இலையைப் பார்த்துப் பயிர் நோயைச் சொல்லக் கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். பல நாட்டு சர்வர்கள் பாடத்தைப் பங்கு போட்டுப் படித்து ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும். அறுபது நாள் நிற்காமல் ஓடினால் என்னுடையதை முதல் வரிசையில் சேர்ப்பார்கள். பஸ்ஸே இரண்டு வேளைதான் வருகிற ஊர் அந்தப் பட்டியலில் வரும். எனக்கு ஆசை வந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

சடையன் எங்கள் லைன்மேன். எனக்கு மாமா முறை, ஈஸ்வரிக்குச் சித்தப்பா. நான் ஜெனரேட்டர் வாங்கிய அன்றே சொன்னார்.

"இன்னா மாப்ள, சேஞ்ச் ஓவர் சுவிட்ச் மாட்டாம இத்த ஓட்டாத. லைன ஆஃப் பண்ணிருந்தாலும் உன் வூட்டு கரண்ட் பின்னாலயே ஏறி கம்பத்துக்கு வந்துரும். மேல நான்தான் இருப்பேன், பாத்துக்க."

சுவிட்சும் வாங்கினேன். ஆனால் அதை மாட்ட அரை மணி நேரம் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். நிற்காமல் இருப்பதற்காக வாங்கிய பொருளுக்காக நிறுத்துவது எனக்கே சிரிப்பாக இருந்தது. டப்பாவைப் பிரிக்கவில்லை.

ஐம்பத்தெட்டாம் நாள் காலையில், எங்கள் புளியமரக் கிளை கம்பியில் உரசுகிறது என்று நானேதான் மாமாவைக் கூப்பிட்டேன். லைனை அணைக்கச் சொல்லிவிட்டு ஏறி, இடுப்பு பெல்ட்டைக் கம்பத்தில் மாட்டிக்கொண்டார்.

"ஈஸ்வரி, காப்பி போட்டு வைம்மா, எறங்கி வர்றேன்."

கரண்ட் இல்லாவிட்டால் சர்வரின் பேட்டரி இருபது நிமிடம்தான் தாங்கும். மாமாவுக்கோ எதிலும் அவசரம் கிடையாது, ஒவ்வொரு கிளையாக விசாரித்து வெட்டிக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மேலேதான் இருந்தார். ஜெனரேட்டரைப் போட்டேன். சின்ன ஜெனரேட்டர், அவ்வளவு தூரம் போகாது என்று நினைத்தேன்.

பெல்ட்டிலேயே தொங்கினார். ஜெனரேட்டர் ஓடும்வரை யாரும் அவரைத் தொட முடியாது. ஈஸ்வரி ஓடிவந்து என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

"சித்தப்பா செத்துருவாருய்யா, நிறுத்து."

அந்த நேரம் பார்த்து சர்வர் அன்றைய பாடத்தை மற்றவற்றுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. பாதியில் விட்டால் ஐம்பத்தெட்டு நாளும் வீண். அவள் அவசரப்பட்டு அணைத்துவிடக் கூடாதென்று ஜெனரேட்டரை மறித்து நின்றேன். "இரு, நாலே நிமிஷம்" என்றேன். முடிந்ததும் நானே நிறுத்தினேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மாமா மேல் எனக்குப் பிரியம் அதிகம், சார். உடனே நிறுத்தியிருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொல்கிறாராம். டாக்டருக்கு சர்வரைப் பற்றி என்ன தெரியும்?