கொக்கி முறிந்த இடத்தில் தொடங்கிய படிப்பு

மேடையில் அமர்ந்திருக்கும் மேலாளர் அவர்களே, சங்கத் தலைவர் அவர்களே, இந்த இரங்கல் கூட்டத்துக்கு வேலை உடுப்போடு நேராக வந்து நிற்கும் தோழர்களே, முன்வரிசையில் இருக்கும் எங்கள் ஏனக்காவின் தாயே, மகளே, வணக்கம்.

பராமரிப்புப் பொறியாளர் என்று அவர் அறைக் கதவில் எழுதியிருக்கிறது. நமக்கோ அவர் ஏனக்கா. எதைச் சொன்னாலும் "ஏன்?" என்று கேட்டே ஆளை ஒரு வழி பண்ணிவிடுவார்!

அந்த "ஏன்" எங்கே பிறந்தது? இதே ஆலையில் பிறந்தது! அன்று அவர் பொட்டலம் கட்டும் பிரிவில் இருந்தார். அவருடைய தம்பி, கிரேனுக்குக் கீழே நின்று பாரம் கட்டிவிடுகிறவர். ஒருநாள் கொக்கி முறிந்து, தொங்கிய இரும்பு வார்ப்பு தம்பி மேலேயே விழுந்து, அந்த இடத்திலேயே உயிர் போனது. விசாரணையில் உடைந்த கொக்கியை மேசைமேல் வைத்துக்கொண்டு, "அளவுக்கு மேல் பாரம் கட்டினான், அவனுடைய அலட்சியம்" என்று முடித்துவிட்டார்கள். அக்கா அந்தக் கொக்கியைப் பார்த்தார். முறிந்த இடத்தில் பாதி கறுப்பு, பாதி பளபளப்பு.

"ஏன் இப்படி இருக்கு?"

"சொன்னா உனக்குப் புரியாதும்மா."

சரி, புரிகிற அளவுக்குப் படித்துக்கொள்கிறேன் என்று கிளம்பினார், தோழர்களே! எங்கிருந்து? பின்னக் கணக்கிலிருந்து! பள்ளிக்கூடம் போகும் மகளோடு உட்கார்ந்து அவள் வீட்டுப்பாடத்தைப் போட்டார். பிறகு மாலைநேர டிப்ளமோ. இயந்திர வரைபடத்தில் இரண்டு முறை தோற்றார். லேத்தில் அவர் கடைந்த முதல் துண்டு கோணலாக வந்தபோது வகுப்பே சிரித்தது. "சிரிச்சு முடிச்சதும், ஏன் கோணுச்சுன்னு யாராவது சொல்லுங்கப்பா" என்றாராம்.

உலோகங்களைப் பற்றிய வகுப்பில் ஆசிரியர் ஒரு படம் காட்டினார். பாதி கறுப்பு, பாதி பளபளப்பு! சுமை ஏறி இறங்கி, ஏறி இறங்கி, இரும்புக்குள் விரிசல் மெல்லப் பரவும். கறுத்தது பழைய விரிசல், பளபளப்பது கடைசியில் முறிந்த இடம் என்றார். அக்கா எழுந்து வெளியே போய்விட்டார்.

வீட்டில் தாயிடம் சொன்னார்: "அம்மா, தம்பி மேல தப்பில்ல. கொக்கியில முன்னாடியே விரிசல் இருந்திருக்கு."

தாய் துணி மடித்துக்கொண்டே, "இதுக்கா இவ்வளவு படிச்ச? எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றார்.

"எனக்குத் தெரியலையேம்மா" என்று உடைந்து அழுதாராம் அக்கா. 

அதன் பிறகாவது விசாரணை முடிவை மாற்றினார்களா? இல்லை! மனுமேல் மனு போட்டார். பொறியாளராகவே உயர்ந்தார். ஆனால் தம்பி மேல் சுமத்திய பழி இன்றும் அப்படியே கிடக்கிறது. என்ன கொடுமை இது!

இரண்டாம் கூடத்தில் கிரேன் ஓட்டுகிறவன் நான். போன வாரம் ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்தேன். மூச்சு வாங்க வாங்கக் கேட்டார்.

"இரண்டாம் கூடத்துக் கொக்கியைக் கழட்டிச் சோதிச்சாங்களா?"

"இன்னும் இல்லக்கா. வேலை நின்னுடும்னு தள்ளிப்போடறாங்க."

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். மறுநாளே நம்மை விட்டுப் போய்விட்டார்.

மேலாளர் அவர்களே, மரியாதையோடு சொல்கிறேன். நாளைக் காலை நான் அந்தக் கிரேனில் ஏற மாட்டேன். கொக்கியைக் கழற்றி, சோதித்து, முடிவை எல்லோரும் பார்க்க ஒட்டும்வரை ஏற மாட்டேன். அக்கா தொடங்கிய வேலை இது, நாங்கள் விடப்போவதில்லை.

தோழர்களே, எனக்குப் பதிலாக ஏற இங்கே யாராவது இருக்கிறீர்களா? இருந்தால் கையைத் தூக்குங்கள்!

ஒரு கைகூட உயரவில்லை. பார்த்துவிட்டீர்கள், மேலாளர் ஐயா. அடுத்துப் பேச வேண்டியவர் நீங்கள்தான். இந்தாருங்கள், மைக்.